முட்டி போட்டுப் பார்த்த வீட்டுக்காரம்மா

திருப்பூர் நல்லூரில் எங்களுக்கு வீடு காட்டிய அன்று வீட்டுக்காரம்மா எங்கள் ஊரைக் கேட்கவில்லை. என்ன ஆட்கள் என்றும் கேட்கவில்லை. என் இடுப்பில் இருந்த ரூபியைக் கையை நீட்டி வாங்கினார். காலியாகக் கிடந்த அறையின் நடுவில் அவளைத் தரையில் உட்கார வைத்தார். பிறகு கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டு, எங்களையும் பேசாமல் நிற்கச் சொன்னார்.

ரூபி அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட்டது போல நேராக எதிர்ச் சுவருக்குப் போனாள். அங்கே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் டிவிக்காகப் போட்டதாம். ரூபியின் விரல் அதைத் தொடுவதற்குள் வீட்டுக்காரம்மா அவளை அள்ளி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"சாமிக்கு மொதல்ல கண்ணுல படறது அதுதானுங்க அம்மிணி. நமக்கு அது தெரியறதே இல்ல" என்றார். குழந்தைகளை அவர் சாமி என்றுதான் சொல்வார்.

சொல்லிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே தரையில் முட்டி போட்டார். நல்ல கனமான உடம்பு. குழந்தை போலவே கையை ஊன்றி அறையைச் சுற்றி வந்தார். அடுப்பு மேடைக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். எழுந்து நின்றபோது அவர் உள்ளங்கையில் ஒரு வளைந்த ஆணி, ஒரு ஊக்கு, பனியனுக்கு வைக்கும் ஒரு பொத்தான், மாத்திரை உறை ஒன்று எல்லாம் இருந்தன.

வெளியே எங்கள் சாமான்களோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து பிளக் பாயின்டை மேலே ஏற்றிப் போட்ட பிறகுதான் சாமான் இறக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். என் கணவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "குடிவச்சா வைக்கட்டும், இல்லன்னா போகச் சொல்லட்டும். இது என்ன கூத்து?" என்று என் காதில் முணுமுணுத்தார். அன்று அவரோடு தைக்கும் ஒருவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் சாயங்காலம் குடிவந்தோம்.

நாங்கள் வள்ளியூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் என் கணவர் திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்தார். பிள்ளை பிறந்த பிறகு நானும் வந்தேன். எங்கள் லைன் வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். முன்னால் எல்லோருக்கும் பொதுவான வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் கணவர் நடத்திய பனியன் கம்பெனி. பக்கவாட்டில் அவர்கள் வீடு. லைனில் இருந்த பாதிப் பேர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். நான் செக்கிங் பிரிவு. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துக் கறை, ஓட்டை பார்க்கும் வேலை.

வீட்டுக்காரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. அவர் சேலைதான் வருகிறது. எவ்வளவு நல்ல சேலை கட்டினாலும் முட்டி வரும் இடத்தில் மட்டும் புழுதி படிந்து வெளுத்திருக்கும். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பார். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கு எந்த வீட்டில் என்ன கண்டுபிடித்தாரோ என்று லைனில் பேசிக்கொள்வோம்.

காலையில் கம்பெனி தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒரு சுற்று வருவார். திருப்பூரில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. வந்தால் டிரம், குடம், வாளி, போசி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டிரம்முக்கு மூடி போட்டு அதன் மேல் கல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். காலி வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குளியலறைக் கதவை வெளியே கொக்கி போட வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் உள்ளே வந்து அவரே செய்துவிட்டுப் போவார். கதவைத் தட்டுவது, கேட்டுவிட்டு வருவது எல்லாம் அவரிடம் கிடையாது.

ஒரு கோடையில் தண்ணீர் வராமல் பல நாள் ஆகியிருந்தது. எங்களுக்கு அடுத்த வீட்டு முருகேஸ்வரி, ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி, துணி அலசி எடுத்த தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் வாசலோரம் வைத்திருந்தாள். பாதி வாளி இருக்கும். அவள் மகன் கார்த்தி அப்போது நடக்கத் தொடங்கியிருந்தான். வீட்டுக்காரம்மா வந்தார். வாளியைப் பார்த்தார். தூக்கி அப்படியே சாக்கடையில் ஊற்றிவிட்டார்.

முருகேஸ்வரிக்கு வந்த கோபத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. தண்ணீரைக் கொட்டியதற்கு அழுதாள். நீங்கள் தரைக்கடியில் சம்ப் தொட்டி வைத்திருக்கிறீர்கள், எங்களுக்கு என்ன இருக்கிறது என்றாள். வாடகைக்கு இருந்தால் அடிமையா என்றாள். லைனே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வீட்டுக்காரம்மா திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று இரண்டு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கி வந்து முருகேஸ்வரி வீட்டு வாசற்படியில் வைத்தார்.

"குப்புற உழுந்த கொழந்தைக்கு அர வாளி தண்ணியே கெணறுங்க அம்மிணி. தல கனம். அதுனால எந்திரிக்க முடியாது. கத்தவும் முடியாது" என்றார். "நீங்க என்ன வேணாலும் வைங்க. நான் வேற தண்ணி தர்றனுங்க."

முருகேஸ்வரி தண்ணீரை எடுத்துக்கொண்டாள். ஆனால் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்டால் அவர் ஏதோ பயந்த சுபாவம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரூபிக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வருகிறேன், அவள் அந்த வீட்டுக் கொய்யா மரத்தின் கவட்டில் நிற்கிறாள். வீட்டுக்காரம்மா அடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நான் ஓடுவதற்குள் ரூபி கை நழுவி விழுந்தாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம். வீறிட்டு அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாளித் தண்ணிக்கு அந்தப் பாடு படுத்துறீங்க, மரத்துல ஏறுன பிள்ளைய வேடிக்க பாக்குறீங்களே என்று கேட்டுவிட்டேன்.

அவர் ரூபியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். கழுவிவிட்டார். அவசரமே இல்லை.

"உழுந்தா எந்திரிக்கிற எடம் ஒன்னு, உழுந்தா எந்திரிக்க முடியாத எடம் ஒன்னு. ரெண்டும் வேறங்க அம்மிணி" என்றார். "இந்தக் கவட்ட அளந்து பாத்துத்தான் உட்டிருக்கறன். கீழ கல்லு பொறுக்கிப்போட்டு மண்ணக் கொத்தி வெச்சிருக்கறனுங்க. ஏறட்டும். இங்க உழுந்து பழகுனாத்தான் பெரிய மரத்துல பிடி கெடைக்கும்."

குனிந்து பார்த்தேன். மரத்தடி மண் பொலபொலவென்று இருந்தது. மேலே இருந்த பெரிய கிளைகளுக்குப் போகும் கவடு வெட்டப்பட்டிருந்தது. அதன் பிறகு ரூபி அந்த மரத்திலிருந்து எத்தனையோ முறை விழுந்தாள். நான் கேட்கவில்லை.

என் கணவருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சரிப்பட்டு வரவே இல்லை. கறை எடுக்கும் தின்னரைக் கம்பெனியிலிருந்து ஒரு முறை தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்திருந்தார். அவர் சட்டையில் பட்ட எண்ணெய்க் கறைக்காக. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். காலைச் சுற்றில் வந்த வீட்டுக்காரம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எங்கள் கண் முன்னாலேயே அதை ஒரு பழைய தகர டப்பாவில் ஊற்றி, இறுக மூடி, பரணில் ஏற்றினார். பாட்டிலை நசுக்கி எடுத்துக்கொண்டு போனார். குடிக்கிற பாட்டிலில் குடிக்கிறது மட்டும்தான் இருக்க வேண்டும், மண்ணெண்ணெயோ மருந்தோ எதுவானாலும் அதில் கூடாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். "நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்ம சாமானத் தொட இவுக யாரு? அடுத்த மாசமே வேற வீடு பாக்குதேன்" என்று என் கணவர் குதித்தார். அவர் பார்க்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பீகாரிலிருந்து ஒரு சின்ன வயதுத் தம்பதி கடைசி வீட்டுக்கு வந்தார்கள். கைக்குழந்தை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்காரம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்தப் பெண் குழந்தையைக் கட்டிலில் போட்டு, உருளாமல் இருக்கச் சுற்றிலும் தலையணையும் பனியன் துணி மூட்டையும் அண்டை கொடுத்திருந்தாள். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னென்னவோ சொன்னார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். புரியவில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்காரம்மா தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு தலையணையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். கையையும் காலையும் குழந்தை மாதிரி உதைத்தார். பிறகு உதைப்பதை நிறுத்தினார்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளே ஓடிப்போய்த் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தரையில் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்காரம்மாவை எங்கே பார்த்தாலும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

எல்லாவற்றையும் அவரால் தடுத்துவிட முடிந்தது என்று சொல்ல மாட்டேன். லைனில் ஒரு பெண் குழந்தை அப்போதுதான் வந்து நின்ற பைக்கின் சைலன்சரில் காலை வைத்துவிட்டது. கெண்டைக்காலில் தோல் வழன்று போனது. ஒருத்தி பல் பசையைக் கொண்டு வந்தாள், இன்னொருத்தி பேனா மை கொண்டு வந்தாள். வீட்டுக்காரம்மா எல்லோரையும் விலக்கிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக் குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கொட்டிய வாளித் தண்ணீருக்குச் சண்டை நடந்த அதே லைனில், எல்லோரும் தங்கள் குடத்தைக் கொண்டு வந்து கொடுத்தோம். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் நின்றது. அன்றைக்கு வீட்டுக்காரம்மா சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் வேலை செய்கிற பெண் சொன்னாள். மறுநாள் முதல் லைனில் எல்லா பைக்கும் சைலன்சர் சுவர்ப்பக்கம் இருக்கும்படிதான் நிற்க வேண்டும் என்று ஆனது.

இவ்வளவு பார்க்கிறவருக்கு ஏதோ ஒரு கதை இருக்க வேண்டும் என்று லைனில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவருக்கு ஒரே மகன், கோயமுத்தூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததாகவும் அது சம்ப்பில் விழுந்து போய்விட்டதாகவும் ஒருத்தி சொன்னாள். சம்ப் இல்லை, ஊரில் வாய்க்கால் என்றாள் இன்னொருத்தி. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண் குழந்தைகள் மேல் படக் கூடாது என்று ஒரு கிழவி சொல்ல, சிலர் அவர் வரும் நேரத்தில் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, நின்றுவிடவில்லை.

அந்த டெம்போ விஷயம் நடந்தது தீபாவளிக்கு முந்தின மாதத்தில். சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல் ஏற்றி வரவும், தைத்த சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு போகவும் ஒரு டெம்போ எங்கள் பொது வாசலுக்குள்ளேயே வந்து போகும். பின்பக்கமாகத்தான் வெளியே எடுக்க முடியும். இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், வீட்டுக்காரம்மா அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பார். குனிந்து சக்கரத்துக்கடியில் பார்ப்பார். கையால் வண்டியை ஒரு தட்டுத் தட்டுவார். அதன் பிறகுதான் வண்டி நகரும். டிரைவர் பல்லடத்துக்காரர், அனுபவசாலி. அவருக்கு இது பெரிய அவமானம். இத்தனை வருசம் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். தம்பிக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியாதே என்று வீட்டுக்காரம்மா பதில் சொல்வார். கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள்.

அது நடந்த அன்று வீட்டுக்காரம்மா ஊரில் இல்லை. உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்தில் அவர் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். டீ நேரம். நான் டீ டம்ளரோடு செக்கிங் மேசைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டது. நான் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கால் தானாக வெளியே நடந்தது. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன்.

கார்த்தி உட்கார்ந்திருந்தான். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில். கையில் காலியான நூல் கோன் ஒன்று. அதில் மண்ணை அள்ளி ரொப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அதை நீட்டினான்.

வண்டி ஒரு முறை குலுங்கியது. நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே நான் டம்ளரால் வண்டியை அடித்தேன். எவ்வளவு பலமாக அடித்தேன் என்று பிறகுதான் தெரிந்தது, டம்ளர் நசுங்கியிருந்தது. டீ என் கையிலும் சேலையிலும் கொட்டியிருந்தது. வண்டி நின்றது. நான் உள்ளே கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோனை விட மாட்டேன் என்று அழுதான்.

டிரைவர் இறங்கி வந்தார். என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். குனிந்து அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முருகேஸ்வரி தையல் மிஷினிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். அவளுடைய மூத்த பெண்தான் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். அவள் ஒன்றுக்குப் போன நேரத்தில் இவன் இறங்கி வந்திருக்கிறான். முருகேஸ்வரி முதலில் அவனை முதுகில் இரண்டு போட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா வந்ததும் நானே போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்கவில்லை. அவர் முழுவதும் கேட்டார். என் கையில் டீ கொட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். கார்த்தி எங்கே உட்கார்ந்திருந்தான் என்று என்னைக் காட்டச் சொன்னார். அந்த இடத்தில், அந்தக் கனமான உடம்போடு, போய் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் தெரியறனுங்களா?" என்று அங்கிருந்து கேட்டார்.

டிரைவர் ஒரு பக்கக் கண்ணாடியில் பார்த்தார். மறுபக்கக் கண்ணாடியில் பார்த்தார். தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க்கா" என்றார்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் நடந்தது லைன் முழுக்கக் கேட்டது. இனி டெம்போ வாசலுக்குள் வரக் கூடாது, கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், சரக்கை ஆட்கள் சுமந்து போகட்டும் என்று அவர் தன் கணவரிடம் சொன்னார். ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கிற நேரம், ஒவ்வொரு பெட்டியாகச் சுமந்தால் என்றைக்கு ஏற்றி முடிப்பது என்று முதலாளி கத்தினார். பனியன் தொழிலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டார் வீட்டுக்காரம்மா. ஆனால் ஆள் நுழையும் சின்னக் கதவை மட்டும் திறந்து விட்டு, பெரிய கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

டெம்போ வெளியே நின்றது. பெட்டிகளை ஆட்கள் சுமந்தார்கள். முதல் நாள் எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல்தான், எனக்கும் கூட. இரண்டாவது நாள் முருகேஸ்வரி யாரும் சொல்லாமலே மிஷினை விட்டு எழுந்து வந்து ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். ஷிப்மென்ட் போய்விட்டது. முதலாளி கொஞ்ச காலம் தன் மனைவியோடு பேசவில்லை. அப்புறம் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி செய்து கொண்டு வந்து போட்டார். அதுதான் அவர் சமாதானம். சாவி வீட்டுக்காரம்மாவின் இடுப்பிலேயே இருந்தது.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, அவர் வீட்டுப் பின்கட்டில் அவரோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு மனசுக்குள் அது உருண்டுகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. உங்களுக்கு மூத்த பிள்ளை ஒண்ணு இருந்து..."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. லேசாகச் சிரித்தார்.

"லைன்ல பேசறது எனக்கும் கேக்குமுங்க அம்மிணி. எனக்குப் பொறந்தது ஒன்னே ஒன்னுதான். அவனும் தடுப்பூசி போட்டப்ப அழுததுதான், வேற ஒரு சேதாரமும் இல்ல. எம்பட பக்கத்துலயும் இல்ல, அவுங்க பக்கத்துலயும் இல்ல. ஒரு கொழந்தையும் போகலீங்க."

"பின்ன என்னத்துக்குக்கா இம்புட்டு?"

"ஏனுங்க அம்மிணி, ஒன்னு செத்தாத்தான் பாக்கோணுமுங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. உப்புப் போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டார். எங்கள் ஊரில் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டியது ஒரு பிள்ளை விழுந்த பிறகு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டில் வேகத்தடை போட்டது ஒரு பிள்ளையை பஸ் அடித்த பிறகு. முதலில் பிணம், பிறகு சுவர். அதுதான் முறை என்று நானும் நினைத்திருந்தேன் போல. யாரும் சாகாமலே சுவர் கட்டுகிற ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதனால்தான் எங்கள் யாருக்கும் அவரைப் புரியவில்லை.

சில வருசங்கள் கழித்துத் தொழில் சுருங்கியது. ஆர்டர் நின்று, அவர்கள் கம்பெனியை மூடினார்கள். லைன் வீடுகளை விற்றுவிட்டு, நிலம் இருந்த கொமரலிங்கத்துக்கே போய்விட்டார்கள். நாங்கள் பல்லடம் ரோட்டில் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். போகிற அன்று எல்லோரும் அழுதோம், வழக்கம்தானே. பிறகு அவரவர் பாட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ரூபிக்கு உடுமலையில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, என் கணவர்தான் ஆரம்பித்தார். இங்கேயிருந்து கொமரலிங்கம் பக்கம்தானே, ஒரு எட்டுப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று கவனித்தார்.

விசாரித்துப் போனோம். வாய்க்காலை ஒட்டிய வீடு. வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு இன்னும் கனத்திருந்தது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதாம், நடக்க ஊன்றுகோல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வள்ளியூர் அம்மிணி" என்று இரண்டு கையையும் நீட்டினார். என் கணவரையும் தெரிந்தது. அவர் முட்டியைப் பற்றி என் கணவர் விசாரித்தார், என்ன மருந்து, எந்த டாக்டர் என்று அக்கறையாகக் கேட்டார்.

ரூபியை முன்னால் நிறுத்தினேன். வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். யோசித்தார்.

"இது டெம்போவுக்குப் பின்னால ஒக்காந்திருந்ததுங்களா?"

இல்லை, அது முருகேஸ்வரி மகன், ஆண்பிள்ளை என்றேன். அப்படியானால் சைலன்சரில் கால் வைத்த பிள்ளையா என்றார். அதுவும் இல்லை. மூக்கில் பாசிமணியைப் போட்டுக்கொண்ட பிள்ளையா, மாடிப்படிக் கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கே மறந்துபோன குழந்தைகள் எல்லாம் அவர் நினைவில் அப்படியே இருந்தார்கள். ரூபி அதில் இல்லை. வரும் வழியெல்லாம் நான் அவரைப் பற்றிச் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். ரூபியின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, இவ ரூபி. ஏழு வயசு வரைக்கும் உங்க வாசல்லதான் வளந்தா" என்றேன். "இவளுக்கு ஒண்ணும் ஆகலக்கா."

வீட்டுக்காரம்மாவின் முகம் விரிந்தது. ரூபியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"அப்படிச் சொல்லுங்க. ஒன்னும் ஆகாத கொழந்தைய எப்படிங்க சாமி ஞாவகம் இருக்கும்?" என்று சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். அவள் கையை விடவே இல்லை.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். பஸ்ஸில் ரூபி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, அந்த ஆச்சி நமக்கு அப்படி என்னதான் செய்தார்கள் என்று கேட்டாள்.

முன் சீட்டில் இருந்த என் கணவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் விட்ட இடத்தை நான் பிடித்தேன். உடுமலை பஸ் ஸ்டாண்டு வந்து எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.